போடிமெட்டுக்கு ஏறிய பெரிய கேரவனும் இறங்கிய சின்ன கேரவனும்

கேரவன் வாடகைக்கு எடுத்து மலைக்குப் போகலாமா, எந்த மாதிரி வண்டி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் நானும் நிறைய தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் மெத்தையின் படம் இருந்தது, டிவியின் படம் இருந்தது. கழிப்பறைக்குப் போகிற நடுவழி எத்தனை அங்குலம் என்று ஒருவரும் எழுதவில்லை.

எங்களுக்கு அந்த அங்குலம்தான் முக்கியம். என் கணவர் ராஜேந்திரனுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, இடது கையும் காலும் பாதிதான் திரும்பியிருக்கின்றன. வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடப்பார். வெளியூர் என்று பேச்செடுத்தால் மட்டும், "பாத்ரூமுக்கு ஆள் பிடிச்சுக்கிட்டு எந்த ஊருக்கும் நான் வரல கோகிலா" என்று முடித்துவிடுவார். விடுதிகளின் வழுக்கும் தரையையும் உயரப் படியையும் நினைத்தால் எனக்கும் வற்புறுத்த மனம் வராது. "கழிப்பறையையும் கூடவே கூட்டிக்கொண்டு போனால்?" என்று நான் கேட்ட அன்றுதான் அவர் உடனே மறுக்கவில்லை. வண்டியின் குறையெல்லாம் மலையில்தான் தெரியும், போடிமெட்டு ஏறிப் பார்ப்போம் என்று இடத்தையும் அவரே சொன்னார். வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். எதையும் குறை கண்டுபிடித்துப் பார்ப்பது பழகிவிட்டது.

மதுரையில் கேரவன் வாடகைக்கு விடும் ஒருவரிடம் டீசல் வண்டிகள் இரண்டு இருந்தன. பெரியதற்கு நாளுக்கு ஒன்பதாயிரம், சின்னதற்கு ஆறாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் அதில் சேர்த்தி, டீசல் நம் செலவு. பெரிய வண்டியில் ஏறி மேலே ஓர் இரவு, மறுநாள் சின்ன வண்டியை மேலே வரவழைத்து அதில் இறங்கிக் கீழே ஓர் இரவு என்று பேசிக்கொண்டோம். தை மாதம் இரண்டாவது வாரம் கிளம்பினோம்.

பெரிய வண்டியை நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பக்கவாட்டுக் கதவில் தானாக நீளும் தாழ்ந்த படி. உள்ளே இரண்டு சுவரோரமும் நீள வாக்கில் படுக்கைகள், நடுவில் முப்பது அங்குல வழி. வாக்கர் தாராளமாகப் போகும். கடைசியில் சின்ன அடுப்பங்கரை, அதற்கும் பின்னால், வண்டியின் வாலில், இழுப்புக் கதவு வைத்த கழிப்பறை. காகிதத்தில் பார்த்தால் இவருக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

காலை ஆறரைக்கு மதுரையை விட்டோம். ஓட்டுநர் பாண்டிக்குச் சொந்த ஊரே போடிப் பக்கம்தான். உசிலம்பட்டி, தேனி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர்; போடியில் இட்லி சாப்பிடும்போது மணி ஒன்பதரை. என் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். நல்ல நாளாகப் போகும் என்று நினைத்தேன்.

அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். போடியிலிருந்து மேலே இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டியாதலால் சில வளைவுகளில் ஒரே திருப்பில் திரும்பவில்லை. பாண்டி நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட வேண்டியிருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப்புகள் பொறுமையாகக் காத்திருந்தன. பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருந்த வால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட, அடுப்பங்கரை அலமாரி திறந்து டம்ளர்கள் உருண்டன.

பாதி மலையில் அவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். பாண்டி அகலமான ஓர் இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்தான். அகலமான இடமாக இருந்தாலும் சரிவு சரிவுதான். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து இரண்டடி வைத்தார். வாக்கரின் முன்சக்கரங்கள் சரிவைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. நடுவழியில் நின்றபடி வலது கையை நீட்டினார். அந்தப் பக்கம் படுக்கை. முழங்கால் உயரத்தில் மெத்தை. இந்தப் பக்கமும் அதேதான். பிடிக்க ஒன்றுமில்லை. நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். அப்படியே கூட்டிப்போய், அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

ஜன்னல் வழியாக ஏறி வந்த ரோட்டையே பார்த்தார். பிறகு, "திரும்பிருவோமா?" என்றார்.

"இங்கிட்டுத் திருப்ப முடியாது சார், மேல போய்த்தான் திருப்பணும்" என்றான் பாண்டி. அவன் ரோட்டைச் சொன்னான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போடிமெட்டில் தமிழ்நாட்டுப் பக்கமே ஒரு தங்குமிடத்தின் முற்றத்தில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வண்டியை நிறுத்திக்கொண்டோம். பாண்டிக்கு உள்ளே ஓர் அறை. தரை மட்டமாக இருந்ததால் வாக்கர் ஓடவில்லை, ஆனால் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டார். கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டு, வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடித்ததையும் பார்த்தேன். பனி ஜன்னலை மூடிவிட்டது. படுக்கை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் படுத்திருந்தோம், இருவருமே சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை சின்ன வண்டி வந்தது. கதவைத் திறந்து பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் முழங்கால் உயரப் படி. உள்ளே வலது பக்கம் அடுப்பு மேடை, இடது பக்கம் உயரமான அலமாரி, இரண்டுக்கும் நடுவில் பத்தொன்பது அங்குலம்தான். அதைத் தாண்டி நடுவண்டியிலேயே கழிப்பறை. கடைசியில் குறுக்குவாட்டில் ஒரு பெரிய படுக்கை. அடியில் சாமான் வைக்கும் இடம் விட்டிருந்ததால் அது இடுப்பு உயரம். வாக்கர் உள்ளே நுழையவே இல்லை.

"கொஞ்சம் சின்னதுன்னுதான சொன்னாரு உங்க ஓனரு. இது கொஞ்சமா பாண்டி?"

"பகல்ல இறங்கிருவோம்க்கா. ராத்திரிக்கு வேணும்னா வெரசா மதுரைக்கே கொண்டுபோய் விட்டுர்றேன். சங்கடப்படாதீக."

கொண்டுவந்த ஓட்டுநர் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாண்டி ஒரு காய்கறி டப்பாவைக் கவிழ்த்துப் படிக்குக் கீழே போட, இருவரும் சேர்ந்து என் கணவரை ஏற்றினோம். வாக்கரை மடக்கிப் படுக்கைக்கு அடியில் போட்டேன். சாலையோரம் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, அவரை முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, டீ வாங்க நானும் பாண்டியும் இறங்கினோம். கடையில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தால் இருக்கையில் ஆளைக் காணோம்.

டீ கையில் சிந்தியது கூடத் தெரியவில்லை. "என்னங்க!" என்று கத்தினேன்.

"இருக்கேன், இருக்கேன். கத்தாத" என்று கழிப்பறைக்குள்ளிருந்து குரல் வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். வலது கை அலமாரியின் நீளக் கைப்பிடியைப் பிடித்திருந்தது. பலமில்லாத இடது பக்க இடுப்பு அடுப்பு மேடையில் சாய்ந்திருந்தது. ஓரடி, நின்றார், இன்னொரு அடி, நின்றார். நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவராகவே வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"வாக்கர் இல்லாமயா போனீங்க?"

"அடக்க முடியல. உன்னயக் காணோம். எந்திரிச்சுப் பாத்தேன்." கொஞ்ச நேரம் அந்த இடுக்கு வழியையே பார்த்தார். "எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஏதோ ஒன்னு தாங்குது கோகிலா. விழறதுக்கு இங்க எடமே இல்ல."

பாண்டி வாசலில் டீயோடு நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்துவிட்டு உடனே மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

டீ குடித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் பொருள் அளவு நாடா. பாண்டியின் கருவிப் பெட்டியில் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே எங்களை அளக்க வைத்தார். மேடை உயரம் முப்பத்து நான்கு அங்குலம், சாய்வதற்குச் சரி. கைப்பிடி தோளுக்குக் கொஞ்சம் கீழே, அதுவும் சரி. போகும்போது வலது கைக்கு மேடை, வரும்போது அதே கைக்கு அலமாரி. இரண்டு பக்கமும் பிடிமானம் இருப்பதால்தான் ஒரு கையை வைத்துக்கொண்டே போய்த் திரும்ப முடிகிறது என்றார். அகலத்தைத் தேடித் தேடி நான் அவருக்குப் பிடிமானமே இல்லாத வண்டியை எடுத்திருக்கிறேன். அதைச் சொன்னபோது, "நான் வரைஞ்சிருந்தாலும் அகலமாத்தான் வரைஞ்சிருப்பேன்" என்றார்.

இறக்கத்தில் இன்னொரு வித்தியாசம் தெரிந்தது. குட்டை வண்டியாதலால் எல்லா வளைவிலும் ஒரே திருப்பு. கழிப்பறையும் சமையல் மேடையும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் ஆட்டம் பாதிகூட இல்லை. பாண்டி தாழ்ந்த கியரிலேயே விட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இறக்கினான். அவர் ஜன்னலைத் திறந்துவைத்து, எதிரே வந்த ஜீப்புகளுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிரவு மதுரைக்குப் போகவில்லை. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் பாண்டியின் மச்சான் தவமணிக்குத் தென்னந்தோப்பு இருந்தது, அங்கே நிறுத்தினோம். மலையடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம் மதினி. தேவாரத்துப் பக்கட்டு ஆனை எறங்கி மக்காச்சோளத்த அழிச்சிருச்சாம். மோட்டார் ரூம் ஓரமா நிப்பாட்டுங்க, கரண்டும் அங்கனதான் இருக்கு" என்றார் தவமணி. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இதுக்குள்ளயே ஆக்கித் திங்கலாமா?" என்று கேட்டார்.

"ஆக்கலாம், குளிக்கலாம், எல்லாம் செய்யலாம். உள்ள வாங்க, காட்டுறேன்" என்றார் இவர். வீட்டுக்கு வந்தவரை வரவேற்கிற குரல். கழிப்பறை வரைக்கும் நடந்து போய் ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டினார். தவமணிக்கு அது வண்டியைப் பற்றிய விளக்கம். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வண்டியிலும் குறை உண்டு. குறுக்குப் படுக்கையில் அவரால் ஏற முடியவில்லை. முன்னால் இருக்கும் சாப்பாட்டு மேசையை இறக்கி, மேலே மெத்தை போட்டால் தாழ்வான படுக்கை ஆகிறது. அதில் அவர் படுத்தார், பின்னால் நான். வாசல் படியும் மிக உயரம். இந்த இரண்டையும் மாற்றித் தர முடியுமா என்று உரிமையாளரிடம் பேசியிருக்கிறோம். படியை மாற்ற ஒப்புக்கொண்டார். படுக்கைக்கு இன்னும் மழுப்புகிறார்.

உங்களில் யாராவது உடம்பு முடியாத ஒருவரை அழைத்துப் போவதாக இருந்தால், படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். அவரையே கூட்டிப்போய், வண்டியைச் சரிவில் நிறுத்தச் சொல்லி, இருக்கையிலிருந்து கழிப்பறைக்கு ஒருமுறை நடக்க வையுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். வண்டி ஓடும்போது எழவே விடாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் கதை வேறு, அப்போது பெரிய வண்டிதான் சரி. போடிமெட்டுக்குக் குட்டை வண்டி போதும், ஏற்றத்தில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவும் கொடுக்கிறது. தண்ணீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்புங்கள், மேலே நிரப்பிக்கொள்ளலாம். கேரள எல்லையைத் தாண்டினால் தனி வரி உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மலைச் சாலையில் இருட்டிய பிறகு நிற்க வேண்டாம். அனுமதி கேட்டு யாருடைய இடத்திலாவது நிறுத்துங்கள். தையில் மேலே குளிர் அதிகம், ஆளுக்கு இரண்டு போர்வை வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் மதுரை வந்து சேர்ந்தோம். வாசலில் வண்டி நின்றதும் எதிர்வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்.

"என்ன சார், மறுபடியும் ஆஸ்பத்திரியா?"

பாண்டி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். இவர் கதவுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"இல்ல சார். போடிமெட்டு வரைக்கும் ஒரு சோலியாப் போயிட்டு வர்றேன். மேல நல்ல பனி."