தவளைக் குண்டிக்காயும் மூக்குப்பேணியும்

அன்று சுன்னாகத்து டிஸ்பென்சரியின் பின்னறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: டிஸ்பென்சரிக்குச் சொந்தக்காரரான டொக்டர், கொழும்பிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய பெரிய டொக்டர், என் அக்காவின் புருஷன், அதாவது அத்தான், கண்ணாடி பிடிக்கும் நான். வாளிக்குள் மூன்று தவளைகள். அவற்றையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பெரிய டொக்டர் அவ்வளவு தூரம் வந்ததே அவற்றைப் பார்க்கத்தான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், மருந்துப் போத்தல் கழுவுவதற்கென்று டொக்டரிடம் சேர்ந்து, பிறகு பின்னறைக்கு மாறினேன். அங்கே அவர் செய்த வேலையை ஊரில் ஒருவருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. உயிருள்ள தவளையின் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், இரத்தத்திலிருந்து சலத்தை எப்படிப் பிரிக்கிறது என்று உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த குண்டிக்காயை வெட்டிப் பார்த்தால் ஓட்டம் தெரியாது, ஓட்டம்தான் விஷயம் என்பார். தவளையின் பிடரியில் ஊசி ஏற்றி நோவு தெரியாமல் ஆக்குவார். இருதயம் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். விலாவைச் சிறிது திறந்து, குண்டிக்காயின் மெல்லிய ஓரத்தை உருப்பெருக்கியின் வில்லைக்குக் கீழே கொண்டுவருவார்.

மின்சார வெளிச்சம் எங்களுக்கு இல்லை. யன்னலால் வரும் வெயிலை முகம்பார்க்கும் கண்ணாடியால் பிடித்து உருப்பெருக்கிக்குள் அனுப்புவது என் வேலை. வெயில் நகர நகரக் கண்ணாடியும் நகரவேண்டும். மாரியில் தவளை நிறைய, வெயில் இல்லை. கோடையில் வெயில் நிறைய, தவளைக்குக் கிணற்றடி கிணற்றடியாக அலையவேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் சில கிழமைகளை நினைத்து எனக்கு வருஷம் முழுக்கக் கவலை.

வாய்த்த நாளில் என்னையும் பார்க்க விடுவார். நூல்பந்துகள் போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரத்தத்தின் துணிக்கைகள் முட்டி நெரிந்து வளைந்து ஓடும். அந்த உருண்டையில்தான் இரத்தத்தின் நீர் கசிந்து சலமாகத் தொடங்குகிறதாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்று நிற்கும், பக்கத்தில் இன்னொன்று தொடங்கும்.

"பங்குக் கிணறு மாதிரித்தான் தம்பி," என்றார் டொக்டர் ஒருநாள். "இண்டைக்கு உன்ரை முறை, நாளைக்கு அவன்ரை முறை. முறை வைக்கிறது ஆர் எண்டதுதான் எனக்குத் தெரியவேணும்."

அதைத் தெளிவாகக் காணப் பழைய வில்லை போதவில்லை. சீமையிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பித்தார். கையில் இருநூறு ரூபா குறைந்தது. வீட்டுக் கூரைக்கு ஓடு போடுவதற்கென்று அத்தான் புகையிலை விற்று வைத்திருந்த காசை, நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. மழை இருட்டினால் அக்காவின் கூரைதான் ஞாபகம் வரும்.

பெரிய டொக்டர் அந்த ஓட்டத்தைத் தன் கண்ணால் கண்டு திருப்திப்பட்டால், கொழும்பில் டொக்டருக்கு வேலைசெய்ய ஓர் அறை கிடைக்கும். வில்லையையும் வாங்கிய விலைக்கே அங்கே எடுப்பார்கள். அத்தானின் காசு முழுதாகத் திரும்பி வந்துவிடும். அதனால்தான் அத்தானும் வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

டொக்டரும் நானும் ஸ்டேசனுக்குப் போகும்போது அத்தானை அறையில் விட்டோம். பூனை வாளிக்குள் கைவைத்துவிடும் என்று எனக்குப் பயம்.

"குண்டிக்காயைக் கறி வைக்கத்தான் கண்டிருக்கிறன்," என்றார் அத்தான், கதிரையில் சாய்ந்துகொண்டு. "காவல் இருக்கிறது இண்டைக்குத்தான். போட்டு வாங்கோ."

பெரிய டொக்டர் தேத்தண்ணி குடித்த கையோடு உருப்பெருக்கியின் முன்னால் வந்து இருந்தார். நல்ல வெயில். நான் கண்ணாடியைப் பிடித்தேன். குண்டிக்காய் காயக்கூடாது என்று டொக்டர் வழமைபோல மூக்குப்பேணியால் நீர் சொட்டினார். மழைத் தண்ணீரில் அளவாக உப்புக் கரைத்த நீர் அது. உப்பு இல்லாவிட்டால் உள்ளே சதை ஊதிப்போகும். மூக்கால் மெல்லிசாக விழும் என்பதற்காக, விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வீட்டுப் பேணி ஒன்றை அதற்கென எடுத்து வைத்திருந்தார்.

முதலில் கொஞ்சம் ஓட்டம் தெரிந்ததாம். பிறகு மந்தமாகி நின்றுவிட்டது. இருவரும் இங்கிலீசில் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது டொக்டரின் கழுத்து வியர்வைதான். பிழை என் கண்ணாடியில் என்று நினைத்து அதைத் திருப்பினேன்.

"ஆட்டாதை தம்பி. காய்ஞ்சு போச்சுது போல," என்று டொக்டர் இன்னும் சொட்டினார். இரண்டாவது தவளையை வைத்தார். அதிலும் அதே கதை. உருண்டைகள் மங்கி, இரத்தம் அசையாமல் நின்றது.

பெரிய டொக்டர் எழும்பினார். பருத்தித்துறையில் ஒரு கலியாணவீட்டுக்கு அவரைக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றது. "உங்கடை ஊர் வெயில் கடுமை. தவளை தாங்கேல்லைப் போல," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார்ச் சத்தம் அடங்கியபின் அத்தான்தான் முதலில் வாய் திறந்தார்.

"வந்த மனிசன் ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை. எல்லாத்தையும் தவளைக்கு ஊத்திப்போட்டியள். நான் மினைக்கெட்டுக் கோயில் வீதிக் கிணத்திலை நல்ல தண்ணி அள்ளிக்கொண்டு வந்து வைச்சனான்."

டொக்டர் திரும்பினார். "என்ன தண்ணி?"

"பேணியிலை கிடந்தது உவர் எல்லோ. வாயிலை விட்டிட்டு யன்னலாலை துப்பினனான், மிச்சத்தையும் வெளியிலை ஊத்தினனான். கொழும்பாருக்கு உதையோ குடுக்கிறது? எங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமே?"

டொக்டர் பேணியை அண்ணாந்து வாயில் விட்டார். விழுங்கினார்.

"ஓம்," என்றார். "நல்ல தண்ணி."

பிறகு புதிதாக உப்பு நீர் கரைத்தார். மூன்றாவது தவளையை வைத்தார். நான் மற்ற யன்னலுக்குப் போய் வெயிலைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அத்தான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரம் எடுத்தது.

"உது ஓடுது," என்றார். "ஒண்டு நிண்டிட்டுது. அங்காலை மற்றதுக்குத் தண்ணி மாறியிருக்கு. இதைத்தான் அந்த மனிசன் காணேல்லையோ?"

"ஓம்."

அத்தான் திரும்பவும் குனிந்தார்.

"வில்லையை வித்து உங்கடை காசைத் தாறன்," என்றார் டொக்டர்.

"வித்தா உதை என்னெண்டு பாக்கிறது? மாசம் அஞ்சு ரூபாவாத் தாங்கோ, காணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், தண்ணி மாத்தின கதையை உன்ரை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை," என்றார்.

டொக்டர் கொழும்புக்கு நடந்ததை எழுதினார். வசதிப்படும்போது மறுபடி வருவதாகப் பதில் வந்தது. யுத்தம் வந்தது, பெரிய டொக்டர் வரவில்லை. அத்தான் மட்டும் சந்தை நாட்களில் வெங்காயம் விற்றுவிட்டு வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். அக்காவின் கூரையை அந்த மாரிக்கும் தென்னோலைக் கிடுகால்தான் வேய்ந்தார்கள். டொக்டர் காலமாகும்வரை மாதாமாதம் கொடுத்தார், சில மாதம் தவறியும். அவர் வீட்டாரிடம் மிச்சத்தைக் கேட்க அத்தான் சம்மதிக்கவில்லை. நின்றது நாற்பத்தைந்து ரூபா.