வற்றிய ஓடையில் இறங்கியவர்

ஷட்டரம்மா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். மலையோடைக்குக் குறுக்கே இருக்கும் தடுப்பணையில் மதகுகளின் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது அவள் வேலை. ஒரு மதகு குழாய் வழியாக நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும், மற்றது ஓடைக்கு. எந்தக் கோடையிலும் ஓடைக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீராவது விட வேண்டும் என்பது விதி. அங்கே டிரவுட் மீன்கள் இருந்தன. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் அவை பிழைக்காது. தூண்டில் போட வருகிறவர்களை ஓடையோரம் கூட்டிப்போவதுதான் அவள் கணவரின் தொழில். "புருஷன் பொழப்பு பொண்டாட்டி கையில" என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தக் கோடையில் சிரிப்பு வரவில்லை. நகரத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது. மேலதிகாரி போன் செய்தார்.

"ஓடை ஷட்டரை முழுசா இறக்கிடுங்கம்மா."

"மீனெல்லாம் செத்துப்போயிடும் சார்."

"தெரியும்மா. ஆஸ்பத்திரியிலயே தண்ணி இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் போய்ச் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை இறக்கினாள்.

மறுநாள் காலை கணவர் வாளிகளோடு கிளம்பினார். வற்றிய ஓடையின் குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீன்களை அள்ளி அணைக்கு மேலே விடப்போவதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"பாத்துப் போங்க" என்றாள்.

நண்பகலில் மலையுச்சி கறுத்தது. அணையில் ஒரு சொட்டு விழவில்லை. மேலே கொட்டிய மழை கலங்கலாக வந்து சேர்ந்தது. கூடவே வந்த சருகும் கிளையும் நகரக் குழாயின் கம்பிவலையை அடைத்துவிட்டன. தண்ணீர் போக வழியில்லாமல் மளமளவென்று ஏறியது. கரையில் ஓரிடத்தில் மண் சரியத் தொடங்கியது. கரை உடைந்தால் அத்தனையும் ஒரே அடியாக ஓடையில் பாயும். மதகைத் திறந்தாலும் பாயும். கீழே அவர் குனிந்து மீன் அள்ளிக்கொண்டிருப்பார்.

அபாயச் சங்கை அழுத்தினாள். மின்சாரம் இல்லை. அவருக்குப் போன் போட்டாள். மதகையொட்டிய அறைக்குள்ளேயே, காலையில் அவர் கழற்றிக் கொக்கியில் மாட்டிய சட்டையின் பையில் மணி அடித்தது.

ஓடிப்போய்ச் சொல்லலாம், அதற்குள் கரை போய்விட்டால்? சக்கரத்தைப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் சுற்றினாள். கலங்கல் நீர் மெல்லக் கசிந்து இறங்கியது. அதை அவர் பார்த்தால் போதும். "ஏறிடுங்க, ஏறிடுங்க" என்று வாய் முணுமுணுத்தது. மறுபடி கொஞ்சம். கரையிலிருந்து பெரிய மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. இனித் தாமதிக்க முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுக்கத் திறந்தாள்.

பிறகு ஓடையோரமாகத் தலைதெறிக்க ஓடினாள். வளைவில் ஒரு வாளி உருண்டு புரண்டு போனது. அவள் அங்கேயே நின்று இரண்டு கரையிலும் அவரைத் தேடினாள்.

எதிர்க்கரைப் புதருக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. தொப்பலாக நனைந்து, செருப்பில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளம் வடிந்தபின்தான் அவரால் இந்தப் பக்கம் வர முடிந்தது.

"கலங்கல் வந்ததும் நீ திறக்கறேன்னு தெரிஞ்சுபோச்சு. வாளியில மீன் இருந்துச்சு. விட்டுட்டு ஏற மனசு வரல. வெள்ளம் வாளியப் பறிச்சப்புறந்தான் ஏறினேன்."

"மீனுக்காகச் சாகப் பாத்தீங்களா?" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

ஓடையில் பாதி மீன்கள்தான் மிஞ்சின. அதன்பின் நகரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர், ஓடைக்கு எப்போதும் மெல்லிய ஓட்டம் என்று மேலதிகாரி ஏற்பாடு செய்தார். நகரத்தாரும் தூண்டில்காரர்களும் குறைபட்டுக்கொண்டார்கள்.

ஷட்டரம்மா வேலையை விடவில்லை. பயமும் அவளை விடவில்லை. இன்றும் சக்கரத்தில் கை வைத்ததும், அவர் அறையில்தான் இருக்கிறார் என்று தெரிந்தாலும் கேட்பாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்."

அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் சுற்றுவாள்.