வெம்பாக்கத்துக்கு ஒரு போன்

ரேணுகாம்பாளுக்குக் கோபம் வந்தால் தெருவே அடங்கிவிடும். அன்று அந்தக் கோபம் தெருவைத் தாண்டி டெலிபோன் ஆபீஸ் வரைக்கும் போயிற்று.

வீட்டு லேண்ட்லைன் செத்துப்போய் நாளாகிவிட்டது. இந்தக் காலத்தில் லேண்ட்லைன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவள் வீட்டுக் கதை தெரியாது. மகள் சங்கீதா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வெம்பாக்கம் போனதிலிருந்து, வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் புருஷன் வேணுகோபாலின் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. பக்கத்து வீட்டு போனில் ஒருதரம் மகளோடு பேசியதற்கு அந்த வீட்டு வாசலிலேயே போய் நின்று ரகளை செய்த மகானுபாவர் அவர். அதற்குப் பிறகு எவள் போன் தருவாள்?

அவர் தறிக்கு ஜரிகை வாங்கக் கடைக்குப் போகிற மத்தியானங்களில் சங்கீதா லேண்ட்லைனில் கூப்பிடுவாள். இப்போது நிறைமாதம். வலி எடுத்தால் முதல் போன் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள்.

"கம்ப்ளெயிண்ட் குட்த்துட்டேன். அவனுங்க வந்தாத்தான?" என்று வேணுகோபால் தினமும் சொன்னார். இவளும் நம்பினாள்.

அன்று பொறுக்காமல் அவளே டெலிபோன் ஆபீசுக்குப் போய் நின்றாள். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க நம்பருக்குக் கம்ப்ளெயிண்டே வரலியேம்மா" என்றார்.

"சோத்துல உப்பு போட்டுத் தின்றியா நீ?" என்று ஆரம்பித்தவள், அவர் பரம்பரையையே இழுத்துவிட்டு, லைன்மேன் அன்புச்செல்வனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவனுக்கும் அர்ச்சனை.

கம்பத்தில் பழுதில்லை. உள்ளே வந்து, தறிக்கு மேலே ஜன்னலோரம் போகும் ஒயரை இழுத்துப் பார்த்தான். இரண்டு முனைகள் கையோடு வந்தன.

"எம்மா, இத்த எலி கடிக்கல. யாரோ கத்தரியால வெட்டிகீறாங்க."

ரேணுகாம்பாள் தறிக்குழியைப் பார்த்தாள். வேணுகோபால் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே இழை வெட்டும் கத்தரி.

"ஊரான் பிள்ளைங்கள எல்லாம் திட்ட வெச்சியே, பாவி!" இத்தனை வருஷத்தில் அவரை அவள் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

"வெளி ஆளு முன்னாடி மானத்த வாங்காத" என்றார் அவர். கை நிற்கவில்லை.

அன்புச்செல்வன் அவசர அவசரமாக ஒயரை இணைத்தான். "எதுனா ஒரு நம்பருக்குப் போட்டுப் பாருங்கம்மா. டெஸ்ட் பண்ணணும்."

அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர்தான். மறுமுனையில் சங்கீதாவே எடுத்தாள். குரல் ஈனமாக இருந்தது.

"அம்மாவா? நேத்தே பொறந்துட்ச்சிம்மா. வலியில எத்தினி வாட்டி பண்ணேன் தெரியுமா... நீ எடுக்கவே இல்ல. உனுக்கும் எம்மேல கோவம்னு நெனச்சிகினேம்மா."

"இல்லடி கண்ணு. கொழந்தையப் பாக்க இதோ வந்துகினே இருக்கேன்" என்று மட்டும் சொல்லி ரேணுகாம்பாள் ரிசீவரை வைத்தாள். கொடியில் கிடந்த நல்ல புடவையை உருவிப் பைக்குள் திணித்தாள்.

தறிச் சத்தம் நின்றிருந்தது.

"இன்னா கொழந்த?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார் வேணுகோபால்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"வெட்டின கத்தரியக் கேளு" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.