மான்குட்டியும் என் பொறாமையும்

நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு மான்குட்டியின் மேல். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மா முழுக்க முழுக்க எனக்கே சொந்தம் என்று ராணி மாதிரி இருந்தேன். அதற்கு ஆபத்து நான்கு காலில் வரும் என்று யார் கண்டார்கள்?

அப்பா இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லியில், ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்தார். அம்மாவுக்கு நகரத்துக்குள் வீடு துடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவுக்கு உதவப் போவாள். மலைப்பக்கத்துப் பணக்காரர் ஒருவரின் அடைப்பிலிருந்து எப்போதோ தப்பிய மான்கள் பெருகி, தோட்டங்களுக்குள் இறங்கி, இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒரு தாய்க்கும் குட்டிக்கும் மனிதரைக் கண்டால் பயமே இல்லை. அம்மா அந்தக் குட்டியை 'குஞ்சு' என்று கூப்பிட்டாள். குஞ்சு நான்! வீட்டில் எனக்கு மட்டும் இருந்த பெயர் அது. எனக்கென்று நறுக்கிய பேரிக்காயில் பாதி அதன் வாய்க்குள் போனது. வயிறு எரிந்தது எனக்கு. அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அதுவும் படவில்லை.

குருத்துகள் போய்க்கொண்டிருந்ததில் தோட்ட முதலாளி பொறுமை இழந்தார். கம்பிவேலியால் ஓர் அடைப்பு, அதற்கு ஒரு கதவு. தினமும் காலையில் உள்ளே சோளம் போட வேண்டும். இரண்டு வாரத்தில் மான்கள் பழகிவிடும். பிறகு ஒரு ஞாயிறு கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சுட்டுவிடலாம். அனுமதியும் வாங்கியாயிற்று. சோளம் போடுவது அப்பாவின் வேலை. இரவுச் சாப்பாட்டின்போது அப்பா இதைச் சொன்னார். எனக்கு நெஞ்சு முழுக்க இனித்தது. அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சுடுறதெண்டால் மலையில போய்ச் சுடட்டும். சாப்பாடு வைச்சுக் கூப்பிட்டுச் சுடப்படாது."

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா. "அந்தாள் கையெழுத்து வைக்காட்டி பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது."

பெர்மெஸ்ஸோ என்பது எங்களை அந்த நாட்டில் இருக்கவிடும் காகிதம். அதன் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் நின்றுவிடும். அன்றும் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது மான்கள் அடைப்புக்குள் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தன. முதலாளியுடன் துப்பாக்கிக்காரர் இருவர் நின்றார்கள். அப்பா கதவில் கை வைத்திருந்தார். அம்மா நேரே போய்க் கதவு வழியில் நின்றுகொண்டாள். சீருடையைக் கண்டால் நிலத்தைப் பார்த்து நடக்கிறவள் அவள். முதலாளி திகைத்துப்போய், என்ன விஷயம் என்று என்னைத்தான் கேட்டார். டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் எங்கள் வீட்டுக்கு வாய் நான்தானே.

"அவரிட்டைச் சொல்லு பிள்ளை," என்றாள் அம்மா. "சாப்பாடு வைச்சுக் கூப்பிட்டிட்டுச் சுடுறது பாவம். நான் விடமாட்டன் எண்டு சொல்லு."

அவளுக்குப் பின்னால் அந்தக் குட்டி சோளத்தை மென்றபடி நின்றது. அம்மாவின் பாவாடையில் மூக்கைக்கூட உரசியது. நான் முதலாளியை நிமிர்ந்து பார்த்து, எங்கள் தெருப் பிள்ளைகளின் சிசிலி உச்சரிப்பில், நல்ல பிள்ளையாகச் சொன்னேன்: அம்மாவுக்கு வெடிச்சத்தம் என்றால் பயம், அவ்வளவுதான், நீங்கள் சுடுங்கள்.

முதலாளி சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கொட்டிலுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்ளும்படி அம்மாவுக்குச் சைகை காட்டினார். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. என்னை ஒருதரம் பார்த்தாள். அதைவிட அடித்திருக்கலாம். பிறகு தன்னிடமிருந்த நாலு இத்தாலியச் சொல்லையும் சேர்த்துக் கத்தினாள்: "மஞ்ஞாரே, தோபோ ஸ்பராரே, நோ!" தின்னக் கொடுத்து, பிறகு சுடுவது, கூடாது. திரும்பத் திரும்ப அதையே கத்திக்கொண்டு, சோளத் தகரத்தை எடுத்துக் கம்பியில் அடித்தாள். மான்கள் மிரண்டு அவளை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. நடுவில் அவள் நின்றதால் ஒருவராலும் சுட முடியவில்லை.

முதலாளி பிறகு கையெழுத்து வைக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், காகிதத்துக்காக இரண்டு வருடம் அலைந்தார். ஒரு குட்டிக்காக அம்மா எங்கள் சோற்றில் மண் போட்டுவிட்டாள் என்று நான் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், நான் கேட்காமலே அம்மா சொன்னாள். ஊரில், வன்னியில், போரின் கடைசி மாதங்களில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று சொல்லி ஓரிடத்துக்கு வரச் சொன்னார்களாம். பசியில் கிடந்த சனம் ஓடிப்போய் வரிசையில் நின்றதாம். அந்த வரிசையில்தான் ஷெல் விழுந்தது.

"உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு நானும் நிண்டனான்," என்றாள். "நீ கஞ்சி வேணுமெண்டு அழுதுகொண்டிருந்தனி."

அப்போது எனக்கு மூன்று வயது. ஒன்றும் நினைவில்லை. சியாகுல்லியில் அந்தக் கதவு வழியில் அவள் யாரை மறைத்துக்கொண்டு நின்றாள் என்று தெரியாமல், நான்தான் சுடச் சொன்னேன்.