முக்காடு போட்ட மீசை

இம்பாலில் சனாஹன்பியைப் போதை ஊசி போடும் பையன்கள் அக்கா என்பார்கள், மற்றவர்கள் ஊசிக்காரி என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள். ஒரு காலத்தில் அவளும் ஊசி போட்டவள்தான். இப்போது பாலம் பாலமாக அடியில் இறங்கி, புது ஊசி கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு, புண் வந்தவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று காலை ஒரு முட்டாள்தனம் செய்தாள். வேலைக்கு எப்போதும் ஜீன்ஸில் போகிறவள், கல்யாண வீட்டிலிருந்து கரை போட்ட ஃபனெக் பாவாடையும் வெள்ளைச் சால்வையுமாக அப்படியே பாலத்துக்கடியில் போய் நின்றாள். இதே உடையில், கையில் தீப்பந்தத்தோடு போதைக்காரர்களைத் தேடி ரோந்து வரும் ஊர் அம்மாக்களில் ஒருத்தி என்று நினைத்து அத்தனை பேரும் ஓட்டம் பிடித்தார்கள். அந்த அம்மாக்களிடம் சிக்கினால் முதலில் அடி, அப்புறம்தான் பேச்சு. அவர்களில் பிஷோர்ஜித் என்ற பையன் மட்டும் ஓட முடியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். தொடைப் புண் பழுத்துக் கால் வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது.

"டேய், நாந்தாண்டா."

"அக்காவா! இந்த வேஷத்துல வந்தா உசுரு போயிடாதா?"

"உசுரு இருக்கும், காலுதான் போயிடும். இன்னைக்கே டாக்டரப் பாக்கணும். ஸ்கூட்டர்ல ஏறு."

"அந்தப் பக்க ரோட்ட கடையடைப்புன்னு மறிச்சிருக்காங்க. சந்தை வழியாத்தான் போகணும். அங்க எங்கம்மா மீன் விக்குது. நான் வரல."

அவன் அம்மா தம்பல்தான் அந்தத் தீப்பந்த அம்மாக்களில் முன்னால் நிற்பவள். மகனை வீட்டைவிட்டுத் துரத்தியவளும் அவளே.

சனாஹன்பி சால்வையை உருவி அவன் தலையில் முக்காடு போட்டாள்.

"மீசை தெரியுதுக்கா."

"குனிஞ்சுக்க. வெக்கப்படற புதுப்பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க."

சந்தையில் ஒரே நெரிசல். வண்டி சரியாகத் தம்பலின் மீன்கூடைக்கு முன்னால்தான் மாட்டிக்கொண்டது. தம்பல் முக்காட்டைப் பார்த்தாள். வீங்கிய காலைப் பார்த்தாள். சனாஹன்பி பின்னால் கைவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இவன் குதித்துக் கூட்டத்தில் புகுந்துவிட்டால் இனி கையில் சிக்கமாட்டான், கால் போய்விடும்.

தம்பல் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "வழி விடுங்கடி! ஆஸ்பத்திரிக்குப் போற பொண்ணு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

கூட்டம் விலகியது. தம்பல் தான் சாப்பிட வைத்திருந்த சிங்ஜு காய்கறிக் கலவைப் பொட்டலத்தை எடுத்து முக்காட்டுக்குள் திணித்தாள்.

"சாயங்காலம் வரேன்," என்றாள் சனாஹன்பியிடம். "அதுவரைக்கும் இந்தப் பொண்ணு ஓடிடாமப் பாத்துக்க."

வண்டி நகர்ந்தது. சனாஹன்பி சிரிப்பை அடக்கமுடியாமல் ஓட்டினாள். பின்னால் புதுப்பெண் முக்காட்டை எடுக்காமலே, அழுதுகொண்டே தின்றான்.