அயடீன் உள்ளே போனதா?

காபன் நானோக் குழாய் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது. அதனால் "கண்ணுக்குத் தெரியாத புட்டுக்குழல்கள், பார்த்தால் கரிப்பொடி" என்று சொல்லிவிடுவேன். அந்தக் குழல்களுக்குள் அயடீன் மூலக்கூறுகளை அடைப்பதுதான் என் ஆராய்ச்சி. பலமுறை தோற்றாயிற்று. மிச்சமிருந்தது ஒரு சிட்டிகைப் பொடி. வெளிநாட்டிலிருந்து இனி வராது; என் பதிவுக்காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது. இதுவும் பிழையாய்ப் போனால் பட்டம் இல்லை. மாங்குளத்தில் பஸ் ஏறிக் கிளிநொச்சி ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியெல்லாம் செய்முறையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அடைப்பது பெரிய வித்தை இல்லை. குழல்களின் மூடிய நுனிகளை உலையில் சுட்டுத் திறந்து, அயடீனோடு சேர்த்துக் காற்றில்லாத கண்ணாடிக் குப்பியில் சூடாக்க வேண்டும். அது உள்ளே போயிருக்கிறதா, வெளியே ஒட்டிக்கொண்டு நடிக்கிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். மதுசாரத்தில் கழுவினால் வெளியே ஒட்டியது மண்ணிறமாகக் கரைந்து வரும். தெளிந்த பிறகு பொடியைக் கடுமையாகச் சூடாக்கினால் உள்ளே இருப்பது ஆவியாகக் கிளம்பும். அரிசிக் கஞ்சியில் நனைத்த தாளில் அது பட்டால் தாள் நீலமாகும். நல்ல கருவி எங்களிடம் இல்லை. கஞ்சியை அம்மா போத்தலில் ஊற்றித் தந்துவிடுவார்.

அன்று சோளகம் பேய்க்காற்றாக வீசியது. பொடியோ மூச்சு விட்டாலே பறக்கும். யன்னல்களை எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அயடீனோடு சூடாக்கிய பொடியை வியர்வை வழிய வழியக் கழுவினேன். மண்ணிறம் மங்கி மங்கித் தெளிந்தது. பொடியைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கி, வாயருகே தாளைப் பிடித்தேன். நீலம்! நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

எனக்கு வழிகாட்டும் மிஸ் வந்து தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"வெறுங் குழாயைச் சூடாக்கிப் பாத்தனீரோ?"

"இல்லை மிஸ்."

"ஒருக்காப் பாரும்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசிக்கு அடுத்தவர் சந்தோசப்பட்டால் ஆகாதா? ஒன்றும் போடாத புதுச் சோதனைக்குழாய் ஒன்றை எடுத்து, புதுத் தாள் பிடித்துச் சூடாக்கினேன். அதுவும் நீலமானது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. குழல்களுக்குள் அடைத்தேனோ இல்லையோ, அறைக்குள் அயடீனை நன்றாகவே அடைத்துவைத்திருந்தேன். கழுவிய மதுசாரம் இருந்த பாத்திரங்களிலிருந்து கிளம்பிய அயடீன் ஆவி வெளியேற வழியில்லாமல் எல்லாவற்றிலும் படிந்திருந்தது. பொடியையோ சுட்டுத் தீர்த்தாயிற்று. உள்ளே ஏதாவது இருந்திருந்தாலும் அதுவும் போய்விட்டது.

மிஸ் யன்னலைத் திறந்துவிட்டார். "உள்ளுக்கை போனதெண்டும் எழுதேலாது, போகேல்லையெண்டும் எழுதேலாது" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"என்ன பிள்ளை, அது உள்ளுக்கை போனதோ இல்லையோ?"

"தெரியாதம்மா."

"உனக்கே தெரியாதோ?"

"ஓம் அம்மா. இனி ஒருத்தருக்கும் தெரியவராது."