காலையில் கொடுத்த ரத்தம்

பேக்கரியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஊரே குறட்டை விடும் நேரத்தில் மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, விடிந்தபின் வீடு திரும்புகிற பிழைப்பு. படுத்தால் மத்தியானம்தான் எழுவார். வாய் மட்டும் சும்மா இருக்காது. புதிதாகக் கல்யாணமான வேன் டிரைவரை அவர் ஓட்டாத நாளே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் சில மாதங்களாக மனைவி பக்கத்தில் வந்தாலே அலுப்பு. ஆசை என்ற ஒன்று தனக்கு இருந்ததா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யாருக்கும் தெரியாமல், ஆண்மைக்கான ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்க லேபுக்குப் போன் செய்தார். "காலையில வெறும் வயித்தோட வாங்க" என்றார்கள். மாஸ்டரும் சொன்ன சொல் தட்டாமல், வேலை முடிந்த கையோடு, ஒரு பன் கூடக் கடிக்காமல் போய்க் கையை நீட்டினார்.

ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. இத்துனூண்டு அம்பு, ஆளை அடியோடு சாய்த்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று கூனிக் குறுகினார். அவள் பாவம், போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து மனைவி கேட்டாள். "ஏங்க, என் மேல ஏதாவது கோபமா? முகம் குடுத்தே பேச மாட்டேங்கிறீங்க."

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மானம் தடுத்தது. "உன்னைக் கண்ணாடியில பாத்தியா? ஊதிப்போய்க் கெடக்குற. எவனுக்கு ஆசை வரும்?" என்றுவிட்டார். பேச்சா அது! அவள் தனக்குப் போட்டுவைத்திருந்த தட்டை மூடி வைத்தாள்.

ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா அம்புக்குறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்துல ரத்தம் குடுத்தீங்க?"

"எங்கம்மா தூங்குனேன்? வேலை முடிஞ்சு நேரா வந்தேன்."

"அட கடவுளே! தூங்கும்போதுதான் இந்த ஹார்மோன் ஏறும். அதனாலதான் தூங்கி எழுந்ததும் குடுக்கச் சொல்றது. ராத்திரி பூரா கண் முழிச்ச உங்களுக்கு அது காலையே இல்லையே. ஒரு தடவை கம்மின்னு வந்தா அதை வெச்சு முடிவும் கட்ட மாட்டோம். கொஞ்ச நாள் லீவு போட்டு ராத்திரியில தூங்குங்க. அப்புறம் எழுந்த கையோட மறுபடி குடுங்க. உங்க அலுப்புக்குத் தூக்கம் கெட்டதே காரணமா இருக்கலாம்."

பேக்கரியில் அடுப்பு ரிப்பேர் என்று வீட்டில் புளுகிவிட்டு, லீவில் கட்டை போலத் தூங்கினார். மறு ரிப்போர்ட்டில் அம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய அளவுக்குள்தான் இருந்தது. மாஸ்டர் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மனைவி அவருக்குச் சாப்பாடு பரிமாறிவிட்டு, எதிரில் வெந்நீர் டம்ளருடன் உட்கார்ந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"நீ சாப்பிடல?"

"பசிக்கல."

அவர் கண்ணாடி பார்க்கச் சொன்ன அன்றிலிருந்தே அவளுக்குப் பசிக்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விசில் எங்கே போயிற்றோ, மாஸ்டருக்குச் சோற்றில் வைத்த கை எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து அவள் முன்னால் வைத்து, ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் பழைய ரிப்போர்ட்டின் தேதியில் விரலை வைத்தாள். "இது நீங்க என்னைக் கண்ணாடி பாக்கச் சொன்ன அன்னைக்கு வந்ததுதானே?"

"ஆமா."

"அப்போ என்மேல குறை இல்லைன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்க."

மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டார். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் எழுந்தாள். வெந்நீரைத் தொட்டியில் கொட்டினாள். ஒரு தட்டை எடுத்துவந்து, நிறையப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் சாப்பிட ஆரம்பித்தாள்.